ஐஸ்லாந்து மொழி சும்மா பிழைத்துவிடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் ஐஸ்லாந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ராணுவம் இல்லாத நாடு, கொசு இல்லாத நாடு, பெண்கள் ஆளும் நாடு, ஆயிரம் ஆண்டாகச் சொட்டுக் கலப்பில்லாமல் மொழியைக் காப்பாற்றி வரும் நாடு என்று ஒரே மூச்சில் அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். கொசு விஷயம் பழைய கணக்கு, 2025 அக்டோபரில் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வடக்கே அதுவும் பிடிபட்டுவிட்டது, போகட்டும். என் சண்டை அந்தக் கடைசி வரியோடுதான். யாரும் எட்டிப் பார்க்காத தீவு, ஒரே ரத்தம், அதனால் தூய மொழி என்று அவர் காரணமும் சொல்லிவிட்டார் பாருங்கள், அது மூன்றும் சரியில்லை. ஐஸ்லாந்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை.

முதலில் அந்த ஒரே ரத்தம். 870களில் தொடங்கி இரண்டு மூன்று தலைமுறைக்குள் அந்தத் தீவில் குடியேறியவர்களில் ஆண்கள் பெரும்பாலும் நோர்வே பக்கத்து ஆட்கள். பெண்கள்? தாய்வழி மரபணுவைப் பின்தொடர்ந்து போனால் பாதிக்கும் மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கரையில் போய் நிற்கிறது. மணமாகி வந்தவர்களும் இருந்திருப்பார்கள், வழியில் பிடித்து வந்த அடிமைகளும் இருந்தார்கள். யாரோ வெளியாள் வயிற்றெரிச்சலில் சொன்னது அல்ல இது, ரெய்க்யவிக்கிலேயே இருக்கும் டீகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். என்றால், முதல் தலைமுறைக் குழந்தைகளில் கணிசமானவர்கள் ஐஸ்லாந்து மொழிக்குத் தாயான நோர்ஸ் மொழியை வேற்று உச்சரிப்போடு பேசிய அம்மாக்களிடம்தான் கற்றிருக்க வேண்டும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மொழி மாறவே இல்லை என்பதும் பாதி உண்மைதான். சாகா என்னும் 13ஆம் நூற்றாண்டு உரைநடைக் கதைகளை இன்றைய எழுத்துமுறையில் அச்சிட்டுக் கொடுத்தால் அங்கே பள்ளிப் பிள்ளை படித்துவிடும், அது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அது எழுத்தில். உச்சரிப்பு எங்கேயோ போய்விட்டது, உயிரொலிகள் ஏறக்குறைய முழுக்க இடம் மாறிவிட்டன, அந்தக் காலத்து ஆள் எழுந்து வந்து பேசினால் ஒரு வாக்கியத்தைப் பிடிக்கவே திணற வேண்டியிருக்கும். நாடு டென்மார்க் ஆட்சியில் இருந்த 17, 18ஆம் நூற்றாண்டு அரசாங்கக் கடிதங்களை எடுத்துப் பார்த்தால் டேனிஷ், ஜெர்மன் சொற்கள் மண்டிக் கிடக்கும். ரெய்க்யவிக் அப்போது டேனிஷ் வியாபாரிகளின் சின்ன ஊர், அங்கே பேச்சு பாதிக்குப் பாதி கலப்பு. 1813இல் அங்கே வந்திறங்கிய டென்மார்க் மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் நொந்துபோய் ஒரு கடிதத்தில் கெடுவே குறித்தார்: நூறு ஆண்டில் ரெய்க்யவிக்கில் இந்த மொழி புரிகிறவர் இருக்க மாட்டார், அதற்கப்புறம் இன்னொரு இருநூறு ஆண்டில் நாட்டிலேயே இருக்க மாட்டார் என்று. முதல் கெடு 1913இல் பொய்த்துவிட்டது. இரண்டாவதற்கு 2113 வரை நேரம் இருக்கிறது. சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், 1816இல் ஐஸ்லாந்து இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அப்படியானால் எப்படித்தான் பிழைத்தது? தீவாக இருந்ததாலா? ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் டென்மார்க்கின் கீழ் இருந்த ஃபாரோவும் தீவுதான், அங்கே தேவாலய மொழி டேனிஷ் ஆகிவிட்டது. நோர்வேயிலும் அதே கதை. ஐஸ்லாந்தில் 1540இலேயே புதிய ஏற்பாடு சொந்த மொழியில் அச்சாகி வந்துவிட்டது, 1584இல் குத்பிராண்டுர் தோர்லாக்ஸன் என்ற பிஷப் முழு பைபிளையும் அச்சடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் டேனிஷில் நடக்காமல் போனதற்கு இந்த இரண்டு புத்தகங்கள் முக்கியமான காரணம். அப்புறம் 1740களில் வந்த உத்தரவுகள்: பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிய வேண்டும், அது வீட்டின் பொறுப்பு, பாதிரியார் வீடு வீடாகப் போய்ச் சோதிக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ளும்படி நாட்டில் ஒன்றிரண்டுதான், ஆனாலும் பண்ணை வீட்டுப் பிள்ளைக்கு அச்சுப் படிக்கத் தெரிந்திருந்தது.

கட்டுரையாளர் பனிமலைப் படத்துக்குப் பதில் ஒரு புல்தரை வீட்டின் உட்புறத்தைப் போட்டிருக்கலாம். கல்லும் புல்மண்ணும் அடுக்கிய சுவர், உள்ளே பாத்ஸ்தோவா என்ற ஒரே நீள அறை, இருபுறமும் கட்டில்கள். வேலை, சாப்பாடு, தூக்கம், பிரசவம், சாவு எல்லாம் அந்த அறையில்தான். குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம். சாயங்காலம் மீனெண்ணெய் விளக்கொன்றை ஏற்றிவைத்து, ஒருவர் கம்பளி சிக்கெடுக்க, ஒருவர் நூற்க, ஆணும் பெண்ணும் சிறுசுகளும் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்க, விளக்குப் பக்கத்தில் இருப்பவர் மட்டும் வேலை செய்யாமல் சாகா வாசிப்பார், இல்லையென்றால் ரீமூர் என்னும் நெடும்பாட்டை ராகம் போட்டுச் சொல்வார். இதற்கு க்வொல்த்வாகா என்று பெயர். கூலி வேலைக்காரரும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பாடத் தெரிந்த ஆட்கள் பண்ணை பண்ணையாகப் போய்ச் சோற்றுக்கும் படுக்கைக்கும் பாடினார்கள். அச்சு யந்திரம் வந்து முந்நூறு ஆண்டு ஆன பிறகும் ஏழை விவசாயிகள் கதைகளைக் கையால் நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள், கிட்டத்தட்ட 1900 வரை. எனக்கு இந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான், எரிமலையைப் பார்த்து அல்ல.

அதே வீடுகளில் பழைய கதைகள் எழுதிய கன்றுத்தோல் ஏடுகளை வெட்டிச் செருப்புக்குப் போட்டதும் நடந்தது, சட்டை தைக்க அளவுத் துண்டாக வெட்டியதும் நடந்தது, வறுமை அப்படி. ஆர்னி மாக்னூஸன் என்ற அறிஞர் 1702இலிருந்து பத்தாண்டு நாட்டைச் சுற்றி, கிழிந்த ஒற்றை ஏட்டைக்கூட விடாமல் சேர்த்து டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்குக் கொண்டு போனார். 1728இல் அந்த நகரம் எரிந்தபோது அவருடைய அச்சுப் புத்தகங்களில் பெரும்பகுதி போய்விட்டது, தோல் ஏடுகளில் பெரும்பகுதி தப்பியது. 1971 ஏப்ரல் 21ஆம் தேதி டென்மார்க் கடற்படைக் கப்பலில் முதல் இரண்டு ஏட்டுப் புத்தகங்கள் ரெய்க்யவிக் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம். ஒரு நாடு தன் பழைய எஜமானிடமிருந்து பொன்னையும் பொருளையும் கேட்காமல் புத்தகத்தைக் கேட்டு வாங்கியது, எஜமானும் கொடுத்தார். டென்மார்க்கை இதற்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

வறுமை என்றேனே, அது வெறும் குளிரால் வந்ததில்லை. 1602 முதல் 1787 வரை டேனிஷ் வணிக ஏகபோகம். உன் ஊருக்கு இந்த வியாபாரி என்று மேலிடம் குறித்துவிடும், அவரிடம் மட்டும்தான் விற்க வேண்டும், வாங்க வேண்டும், விலை அவர் வைத்தது. 1699இல் ஹோல்ம்ஃபாஸ்துர் என்ற குடியானவர் தனக்குக் குறித்த துறைமுகத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வியாபாரியிடம் சில மீன்களை விற்றார். கட்டிவைத்து அடித்தார்கள். இதற்கு நடுவில் 1783இல் லாகி எரிமலை வெடித்தது, எட்டு மாதம் புகைந்தது, புல்லில் நச்சுப் படிந்து ஆடுமாடு செத்தது, பின்னாலேயே பஞ்சம், 1703 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரம் பேரே இருந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் போனார்கள். நிலம் இல்லாதவர் யாராவது ஒரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டே கிடக்க வேண்டும் என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஓடியது. 1870க்குப் பிறகு பதினைந்தாயிரம் பேர் அளவில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிப் போய்விட்டார்கள். மொழியைச் சுமந்தவர்கள் வறுமையில் கிடந்த இந்த ஆட்கள்.

தூய்மை அதற்கப்புறம் வந்த வேலை. 19ஆம் நூற்றாண்டில் கோபன்ஹேகனில் படித்த ஐஸ்லாந்து மாணவர்கள், யோனாஸ் ஹால்க்ரிம்ஸன் போன்ற கவிஞர்கள், பத்திரிகை நடத்தி டேனிஷ் சொற்களைக் களைந்து பழைய ஏடுகளிலிருந்து சொல் எடுத்துப் புழங்கவிட்டார்கள். விடுதலை அரசியலும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது: 1874இல் அரசியல் சட்டம், 1904இல் உள்நாட்டு ஆட்சி, 1918இல் தனி அரசு, 1944 ஜூன் 17இல் பழைய நாடாளுமன்றம் கூடிய திங்வெல்லிரில் மழையில் நனைந்துகொண்டே குடியரசுப் பிரகடனம். கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள் என்று கட்டுரை வியந்தது, வியக்கலாம்தான். அதன் மறுபக்கத்தையும் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1940களில் பள்ளிகளில் உச்சரிப்புத் திருத்த இயக்கம் ஒன்று நடந்தது. சில பகுதிகளில் ஜனங்கள் இரண்டு ஜோடி உயிரொலிகளைக் குழப்பிச் சொன்னார்கள், மொழியறிஞர் பியோர்ன் குத்ஃபின்ஸன் ஊர் ஊராகப் பிள்ளைகளைச் சோதித்துக் கணக்கெடுத்தார், பின்பு ஆசிரியர்கள் முனைந்து அந்த உச்சரிப்பை அநேகமாக ஒழித்தே விட்டார்கள். அப்படிப் பேசிய பிள்ளைக்குக் கிடைத்தது கேலியும் தலைகுனிவும். இன்னொன்று நம்மவர்களுக்குச் சுவாரசியமானது. "எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று சொல்ல அந்த மொழியின் இலக்கணம் இரண்டாம் வேற்றுமை கேட்கிறது, நிறைய ஜனம் நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையில் சொல்கிறது. வாத்தியார்கள் இதற்கு வைத்த பெயர் "நான்காம் வேற்றுமை வியாதி". வியாதி! மீன்பிடிப் படகில் வளர்ந்தவன் வாயில் இயல்பாக வருவதைத்தான் சொல்கிறார்கள். இன்றும் நேர்முகத் தேர்வில் ஒருவர் வாய் தவறி இப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் மனசுக்குள் ஒரு மார்க்கைக் குறைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன், நமக்கும் அந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை.

ஆங்கில பயமும் இன்று வந்தது அல்ல. 1940 மே மாதம் பிரிட்டிஷ் படை இறங்கியது, அடுத்த ஆண்டு அமெரிக்கர்கள் வந்தார்கள், ஒன்றேகால் லட்சம்கூட இல்லாத நாட்டில் பல பத்தாயிரம் சிப்பாய்கள். சிப்பாயோடு பழகிய பெண்கள் பலரைப் பற்றிப் போலீஸ் குறிப்பெடுத்தது, சில சிறுமிகளைத் தூர கிராமத்தில் அடைத்தே வைத்தார்கள். ராணுவத் தளத்தில் கறுப்பினச் சிப்பாய்களை நிறுத்தக் கூடாது என்று அரசே அமெரிக்காவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டது. கட்டுரையின் "எல்லோரும் சமம்" பத்திக்குப் பக்கத்தில் இதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். தளத்திலிருந்து ஒளிபரப்பான அமெரிக்க டிவியை வீடுகளில் பார்க்க ஆரம்பித்ததும் 1964இல் அறுபது பிரமுகர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார்கள், அதைத் தளத்தோடு நிறுத்துங்கள் என்று. 1966இல் சொந்த டிவி வந்தது. வியாழக்கிழமை லீவு விட்டுக்கொண்டு 1987 வரை ஓடிய டிவி அது!

பெண்களைப் பற்றிக் கட்டுரை நன்றாகவே சொல்லிவிட்டது, அதிகம் சேர்க்க வேண்டியதில்லை. 1975 அக்டோபர் 24இல் பத்தில் ஒன்பது பெண்கள் வீட்டு வேலை, ஆபீஸ் வேலை இரண்டையும் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தபோது, அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீசுக்குத் தூக்கிப் போனதும், சமைக்கச் சுலபம் என்று கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனதும் அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. ஐந்தே ஆண்டில் விக்டிஸ் என்ற பெண்மணி அதிபரானார். இப்போது அந்தச் சமத்துவம் இலக்கணத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது, "எல்லோரும்" என்பதை ஆண்பாலில் சொல்லும் பழைய வழக்கை விட்டு ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பாலில் சொல்லலாமா என்று ரேடியோவிலும் நாடாளுமன்றத்திலும் அடிதடி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1990களின் நடுவில் அங்கே குடியேறியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். இன்று மொத்த மக்கள்தொகை நாலு லட்சத்தை நெருங்குகிறது, அதில் ஆறில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டில் பிறந்து வந்தவர். போலந்துக்காரர்கள்தான் அதிகம், லித்துவேனியா, ருமேனியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வரிசை நீள்கிறது. மீன் வெட்டும் ஆலை, கட்டட வேலை, முதியோர் இல்லம், ஓட்டல் எல்லாம் இவர்கள் கையில். 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்த பிறகு நாட்டைத் தூக்கி நிறுத்தியது சுற்றுலா, 2010இல் ஐந்து லட்சம் அளவில் இருந்த பயணிகள் 2018இல் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள், அத்தனை படுக்கையையும் விரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

ரெய்க்யவிக் காபிக் கடையில் ஒரு பாட்டி ஐஸ்லாந்து மொழியில் காபி கேட்கிறார், கவுண்டரில் நிற்கும் பெண் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார், பாட்டிக்குக் கோபம், மறுநாள் பத்திரிகையில் மொழி அழிகிறது என்று கடிதம். இந்தக் காட்சி அங்கே சலிக்கும் அளவுக்கு நடக்கிறது. இதன் மறுபாதி பத்திரிகையில் அவ்வளவாக வருவதில்லை: அந்தப் பெண் நாள் முழுக்க வேலை முடித்துச் சாயங்கால வகுப்பில் நாலு வேற்றுமை, மூன்று பால் படித்துவிட்டு வந்து, தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் சொன்னால், கேட்பவர் பாதியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. நூற்றாண்டுகளாகப் பண்ணை வீடுகளிலேயே புழங்கிய மொழிக்கு வேற்று உச்சரிப்பைக் கேட்டே பழக்கமில்லை, தப்பு வந்தால் திருத்து அல்லது ஆங்கிலம் பேசு, இரண்டே வழி. குடியுரிமை வேண்டுமென்றால் ஐஸ்லாந்துப் பெயர் வைத்துக்கொள் என்று 1990கள் வரை சட்டமே கேட்டது என்றால் பாருங்களேன்.

இதற்கிடையே சொந்தப் பிள்ளைகள் யூடியூபிலும் விளையாட்டிலும் ஆங்கிலத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பிசா தேர்வில் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் அடிப்படை வாசிப்புத் தரத்தைத் தொடவில்லை, கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் பரிசளிக்கும் நாட்டுக்கு அது பெரிய அடி. அரசு சும்மா இருக்கவில்லை, அப்போதைய அதிபர் குத்னி யோஹானஸ்ஸனே 2022இல் குழுவோடு அமெரிக்கா போய் எங்கள் மொழியையும் உங்கள் யந்திரங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று தொழில்நுட்ப நிறுவனங்களிடம் கேட்டுவிட்டு வந்தார், பலனும் கிடைத்தது. ஆனால் யந்திரம் பேசினால் போதாது, கவுண்டரில் நிற்கும் பெண் பேச வேண்டும்.

ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் எய்ரிகுர் ரோக்ன்வால்ட்ஸன் பல ஆண்டாக இதைத்தான் சொல்லி வருகிறார், தப்பும் தவறுமாகப் பேசும் ஐஸ்லாந்து மொழியும் ஐஸ்லாந்து மொழிதான், அதைத் தாங்கிக்கொள்ளாவிட்டால் ஆங்கிலம்தான் மிஞ்சும் என்று. அவரைத் திட்டுகிறவர்களும் அங்கே ஏராளம், மொழியைக் கெடுக்க உரிமம் கொடுக்கிறார் என்று. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் இசாஃப்யோர்துர் என்ற சின்ன ஊரில் ஒரு முயற்சி நடக்கிறது: வந்தேறியவர்கள் மொழியைப் பழகக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நீச்சல்குளத்து ஆள் எல்லோரும் பொறுமையாக நின்று, மெதுவாகப் பேசி, ஆங்கிலத்துக்குத் தாவாமல் இருப்பது. கூலியாளும் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய விளக்கு வட்டத்தை இப்போது கொஞ்சம் அகலமாகப் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அயர்லாந்துப் பேச்சோடு வந்த அம்மாக்களால் கெட்டுப்போகாத மொழி போலந்தின் வார்சாவிலிருந்து வந்த அம்மாக்களால் கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. கட்டுரையாளருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால், பனிக்குகையை விட்டுவிட்டு அந்தச் சாயங்கால வகுப்பைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். பெட்டிச் செய்தியில் முன்னாள் அதிபர் விக்டிஸை முதலில் முழுப்பெயரோடும் அடுத்த வரிகளில் "ஃபின்போகாடோட்டிர்" என்று மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். அது குடும்பப் பெயர் இல்லை, ஃபின்போகியின் மகள் என்று அர்த்தம், அப்பாவைச் சொல்கிறது. அங்கே டெலிபோன் டைரக்டரியே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது, அதிபரையும் பிரதமரையும் முதல் பெயரில்தான் கூப்பிடுவார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அடுத்த முறை விக்டிஸ் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்